பழி நாக்குக்கு, பாரம் கணையத்துக்கு

சீனி வருத்தம் என்று தெரிந்த அன்று வீட்டில் முதலில் விசாரணைக்கு வருவது நாக்குதான். தேத்தண்ணீரில் போட்ட சீனி, தைப்பொங்கலன்று இரண்டாம் தடவை வாங்கிய பொங்கல், பக்கத்து வீட்டுப் பிறந்தநாள் கேக் எல்லாம் சாட்சி சொல்ல வரும். "அப்பவே சொன்னனான், வாயைக் கட்டுங்கோ எண்டு" என்பார் மனைவி. "எனக்கு இனிப்பே பிடிக்காது, எனக்கு எப்படி வந்தது?" என்று இன்னொருவர் மருத்துவரிடம் முறையிடுவார். மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷனிலும் கோட்-டே-நேஜிலும் நடக்கும் இந்த விசாரணை யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் நடப்பதுதான். எல்லா ஊரிலும் ஒரே தீர்ப்பு: குற்றவாளி நாக்கு. அது பாதிக்கு மேல் தவறான தீர்ப்பு.

இந்த வழக்கில் கணையத்தின் தரப்பைக் கேட்க மொன்றியலைப் போல வசதியான ஊர் குறைவு. இன்சுலின் பிறந்த ஊர் என்ற புகழை ரொறன்ரோ எடுத்துக்கொண்டது, நியாயம்தான். ஆனால் இன்சுலின் கிடைத்த பிறகு எழுந்த கடினமான கேள்விகள் பலவற்றுக்கு மொன்றியலின் ஆய்வுகூடங்களிலும் மருத்துவமனைகளிலும் ஆற்றின் அக்கரையில் உள்ள ஒரு பூர்வகுடிக் கிராமத்திலும் விடை தேடினார்கள். அந்தத் தேடலின் கதை, மொன்றியல் தமிழருக்குத் தங்கள் உடம்பைப் பற்றி நிறையச் சொல்கிறது.

ரொறன்ரோவின் கதை பலருக்குத் தெரியும். 1922 ஜனவரி 11 அன்று லெனார்ட் தொம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்குப் போட்ட முதல் இன்சுலின் ஊசி சரியாகப் பலிக்கவில்லை. மருந்து சுத்தமாக இல்லை. பன்னிரண்டு நாள் கழித்து, ஜேம்ஸ் கொலிப் என்ற உயிர்வேதியியலாளர் சுத்திகரித்துக் கொடுத்த சாறு பலித்தது. 1923-இல் நோபல் பரிசு ரொறன்ரோ ஆய்வுக்குழுவின் பான்டிங்குக்கும் மக்லியோடுக்கும் போனது. பான்டிங் தன் பணத்தில் பாதியை ஆய்வில் கூட இருந்த பெஸ்டுக்குக் கொடுத்தார். மக்லியோட் பாதியைக் கொலிப்புக்குக் கொடுத்தார். அந்தக் கொலிப் 1928-இல் மொன்றியலுக்கு வந்து, மக்கில் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் துறைக்குப் பொறுப்பேற்றார்.

மொன்றியல் பொது மருத்துவமனையில் அப்போது நீரிழிவு நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர் இஸ்ரேல் ரபினோவிச். இன்சுலினுக்கு முந்திய காலத்தில் நோயாளிகளைப் பட்டினி போட்டுத்தான் உயிரை இழுத்துப் பிடித்தார்கள். இன்சுலின் வந்த பிறகும் மாப்பொருள் என்றாலே மருத்துவர்களுக்குப் பயம். பாணையும் உருளைக்கிழங்கையும் வெட்டிவிட்டு, வெண்ணெயையும் கிறீமையும் தட்டில் நிரப்பினார்கள். ரபினோவிச் எதிர்த்திசையில் போனார். மாப்பொருளைக் கூட்டினார்; மொத்தக் கலோரியைக் குறைத்தார். 1930-இல் கனடிய மருத்துவச் சங்கத்தின் இதழில் அந்த அனுபவத்தை எழுதினார். மாப்பொருளைத் தாங்கும் சக்தி நோயாளிகளுக்குக் கூடியதைப் பின்னர் விளக்கினார்.

சோறு தின்னலாமா கூடாதா என்று இன்று தமிழ் வீடுகளில் நடக்கும் சண்டைக்கு ஏறக்குறைய நூறு வயதாகப் போகிறது. ரபினோவிச்சின் பதில் இன்றும் பழுதில்லை: எதைத் தின்கிறோம் என்பதோடு எவ்வளவு தின்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். சம்பா அரிசிக்கு மாறிவிட்டேன் என்று சொல்லிக்கொண்டு இரண்டு கோப்பை கூடப் போட்டுச் சாப்பிடுபவருக்குச் சம்பா அரிசியால் பெரிய நன்மை இல்லை.

இனிக் கணையத்துக்குள் போவோம்.

வயிற்றுக்குப் பின்னால் கிடக்கும் கணையத்தில் ஏறத்தாழ 10 லட்சம் சின்னஞ்சிறு செல் கூட்டங்கள் சிதறிக் கிடக்கின்றன. 1869-இல் இவற்றை முதலில் கண்டவர் பவுல் லாங்கர்ஹான்ஸ் என்ற ஜெர்மன் மருத்துவ மாணவர். அதனால் லாங்கர்ஹான்ஸ் தீவுகள் என்று பெயர். எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்தாலும் ஒன்றிரண்டு கிராம் தேறும். இந்தத் தீவுகளில் இருக்கும் பீட்டா செல்கள்தான் உடம்பிலேயே இன்சுலின் செய்யும் ஒரே இடம். சாப்பாட்டுக்குப் பின் இரத்தத்தில் குளுக்கோஸ் ஏறும்போது அவை இன்சுலினை விடுகின்றன. தசையும் கொழுப்பும் குளுக்கோஸை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. ஈரல் தன் குளுக்கோஸ் உற்பத்தியைக் குறைத்துக்கொள்கிறது. ஒன்றிரண்டு கிராம் திசு, வாழ்நாள் முழுக்க ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கும் கணக்குப் பார்த்துக் கொடுக்கிறது.

அந்தச் செல்லுக்குள் இன்சுலின் எப்படி உருவாகிறது? இங்கேதான் மொன்றியலின் பெயர் பாடநூலுக்குள் வருகிறது. மிஷேல் கிரெத்தியேன் என்ற கியூபெக் மருத்துவர், பின்னாளில் கனடாவின் பிரதமரான ஜான் கிரெத்தியேனின் தம்பி, 1960-களில் கலிபோர்னியாவில் பிட்யூட்டரிச் சுரப்பியின் ஹோர்மோன்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். சிறிய ஹோர்மோனின் அமினோ அமில வரிசை பெரிய ஹோர்மோன் ஒன்றின் உள்ளே அப்படியே கிடப்பதைக் கண்டார். உடம்பு முதலில் ஒரு நீளமான புரதத்தைச் செய்து, பிறகு அதைத் துண்டாடி ஹோர்மோன் ஆக்குகிறது என்ற முடிவுக்கு 1967-இல் வந்தார். அதே ஆண்டு சிக்காகோவில் டொனால்ட் ஸ்டெயினர், இன்சுலினும் அப்படித்தான் பிறக்கிறது என்று தனியாகக் கண்டுபிடித்திருந்தார். பீட்டா செல் முதலில் செய்வது 86 அமினோ அமிலம் கொண்ட புரோஇன்சுலின். அதன் நடுவிலிருந்து 31 அமினோ அமிலம் கொண்ட சி-பெப்டைட் வெட்டி எடுக்கப்படுகிறது. வெட்டுமிடங்களில் உள்ள நான்கு அமினோ அமிலமும் கழிந்தபின் மிஞ்சும் 51 அமினோ அமிலம்தான் இன்சுலின்.

வெட்டு நடக்கிறது என்றால் ஒரு கத்திரி இருக்க வேண்டும். கிரெத்தியேனும் அவரோடு சேர்ந்த நபீல் செய்தாவும் பைன் அவெனியூவில் உள்ள மொன்றியல் மருத்துவ ஆய்வு நிறுவனத்தில் அந்தக் கத்திரியைத் தேடிப் பல வருடம் செலவழித்தார்கள். 1990-இல் இரண்டு கத்திரிகள் பிடிபட்டன: பிசி1, பிசி2 என்ற நொதிகள். ஒன்று புரோஇன்சுலினின் ஒரு முனையையும் மற்றது மறு முனையையும் வெட்டுகிறது. ஸ்டெயினரின் குழுவும் அதே காலத்தில் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தது.

பெயர் கேட்கப் பயமுறுத்தினாலும் இது ஆய்வுகூடத்தோடு நின்றுவிடும் சங்கதி இல்லை. வெளியிலிருந்து ஊசியாகப் போடும் இன்சுலினில் சி-பெப்டைட் கிடையாது. ஆகவே நோயாளியின் இரத்தத்தில் சி-பெப்டைட் எவ்வளவு என்று பார்த்தால், அவருடைய சொந்தக் கணையம் இன்னும் எவ்வளவு வேலை செய்கிறது என்று தெரிந்துவிடும். இரண்டாம் வகை நோய் தொடங்கும் காலத்தில், வெட்டி முடிக்காத புரோஇன்சுலின் வழக்கத்தைவிடக் கூடுதலாக இரத்தத்துக்குள் வருகிறது. வேலைப்பளு தாங்காத பீட்டா செல் அரைகுறைச் சரக்கை அனுப்பத் தொடங்கிவிட்டது என்பதன் அடையாளம் அது.

முதலாம் வகை நீரிழிவின் கதை வேறு. அங்கே உடம்பின் எதிர்ப்புச் சக்தியே பீட்டா செல்களைத் தேடிப்பிடித்து அழிக்கிறது. பெரும்பாலும் பிள்ளைகளிலும் இளம் வயதினரிலும் தொடங்கும். எந்த வயதிலும் வரலாம். அவர்கள் தின்ற இனிப்புக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. நாக்கைக் குற்றம் சாட்டுவது இங்கே தவறு மட்டுமில்லை, ஒரு பிள்ளைக்குச் செய்யும் அநியாயம். மொன்றியல் சிறுவர் மருத்துவமனையின் கொன்ஸ்டன்டின் பொலிக்ரொனாகொஸ் இந்த முதலாம் வகைக்கான மரபணுக்களைத் தேடியவர்களில் முக்கியமானவர். 2007-இல் அவர் பங்குபற்றிய குழு, அந்த நோயோடு தொடர்புடைய ஒரு புதிய மரபணுவை அறிவித்தது.

அதே 2007-இன் தொடக்கத்தில் இரண்டாம் வகையைப் பற்றி மக்கிலிலிருந்து வந்த ஆய்வு உலகத்தின் பேச்சையே மாற்றியது. ராப் ஸ்லாடெக், பொலிக்ரொனாகொஸ், பிரான்ஸின் பிலிப் புறோகேல் ஆகியோரின் குழு, பிரெஞ்சு நோயாளிகளிலும் நோயற்றவர்களிலும் 3,92,935 மரபணு இடங்களை ஒப்பிட்டுப் பார்த்தது. முழு மரபணுத் தொகுதியையும் சல்லடை போட்டு இரண்டாம் வகை நீரிழிவைத் தேடிய முதல் பெரிய முயற்சிகளில் அது ஒன்று. கொழுப்பைச் சேர்க்கும் மரபணு கிடைக்கும், பசியைத் தூண்டும் மரபணு கிடைக்கும் என்று எதிர்பார்த்தவர்கள் உண்டு. முன்னுக்கு வந்து நின்றவையோ பெரும்பாலும் பீட்டா செல்லோடு சம்பந்தப்பட்டவை.

அவற்றில் ஒன்று எஸ்எல்சி30ஏ8. இது பீட்டா செல்லின் இன்சுலின் களஞ்சியத்துக்குள் துத்தநாகத்தை ஏற்றும் ஒரு புரதத்துக்கான மரபணு. ஆறு இன்சுலின் மூலக்கூறுகள் இரண்டு துத்தநாக அயனிகளைச் சுற்றி ஒட்டிக்கொண்டுதான் களஞ்சியத்தில் இருக்கின்றன. ஆகவே அது கெட்டுப்போனால் நோய் வரும் என்பது நேரான ஊகம். 2014-இல் வந்த இன்னொரு பன்னாட்டு ஆய்வு அந்த ஊகத்தைத் தலைகீழாகப் புரட்டியது. இந்த மரபணுவின் ஒரு பிரதி முற்றாகச் செயலிழந்தவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு 65 சதவீதம் குறைவு என்று தெரிந்தது! மரபணுவைக் கண்டுபிடிப்பது ஒன்று, அதைப் புரிந்துகொள்வது வேறொன்று.

ஆனாலும் 2007-இன் பெரிய பாடம் மாறவில்லை. இரண்டாம் வகை நீரிழிவில் உடம்பு இன்சுலினுக்கு மசியாமல் போவது உண்மை. கொழுத்த ஈரலும் சோம்பிய தசையும் இன்சுலினைக் கேட்டுக் கேட்டும் அசைவதில்லை. ஆனால் அப்படி இருக்கும் எல்லோருக்கும் நோய் வருவதில்லை. பீட்டா செல் கூடுதலாக இன்சுலின் சுரந்து ஈடுகொடுக்கும் வரை இரத்தத்தில் சீனி ஏறாது. ஈடுகொடுக்க முடியாத நாளில்தான் நோய் பிறக்கிறது. நோய் கண்டுபிடிக்கப்படும்போது பீட்டா செல்லின் திறனில் ஏறத்தாழ பாதி போயிருக்கிறது என்று பிரித்தானியாவின் நீண்டகால ஆய்வு காட்டியது. "நேற்றுத்தான் சீனி வந்தது" என்று யாரும் சொன்னால், அது வந்து வருடக்கணக்காகிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

பீட்டா செல்லைக் களைக்க வைப்பது எது? மொன்றியல் பல்கலைக்கழக மருத்துவமனையின் ஆய்வு மையத்தில் மார்க் பிரென்ட்கி இந்தக் கேள்வியோடு பல பத்தாண்டுகள் மல்லாடியிருக்கிறார். அதிக குளுக்கோஸ் தனியாகச் செய்யும் கேட்டைவிட, குளுக்கோஸும் கொழுப்பமிலமும் சேர்ந்து செய்யும் கேடு மோசமானது என்பது அவருடைய வாதம். 2016-இல் அவரும் மூர்த்தி மதிராஜுவும், பாலூட்டிகளின் செல்களில் இருப்பதாக யாரும் கவனிக்காத ஒரு நொதியை அடையாளம் கண்டார்கள். மிதமிஞ்சிய குளுக்கோஸின் ஒரு பகுதியை அது கிளிசரோலாக மாற்றி வெளியே தள்ளுகிறது. பீட்டா செல் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு வடிகால் வைத்திருக்கிறது. அதை மருந்தால் திறக்க முடியுமா என்பதுதான் இப்போதைய ஆசை.

இதுவரை சொன்னது எல்லா மனிதருக்கும் பொது. தமிழருக்கு மட்டும் என்ன விசேஷம்?

விசேஷம் இடுப்பில் இருக்கிறது. 2004-இல் லான்செட் இதழில் இரண்டு மருத்துவர்களின் படம் வெளியானது. ஒருவர் புனேயைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாக்னிக், மற்றவர் லண்டனின் ஜான் யுட்கின். இருவருக்கும் உடல் எடைக் குறியீடு ஒன்றே: 22.3. உடம்பில் உள்ள கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2 சதவீதம். மெலிந்த சட்டைக்குள் கொழுத்த உடம்பு. இது பிறக்கும்போதே தொடங்குகிறது என்பதையும் யாக்னிக் காட்டினார். புனேயைச் சுற்றியுள்ள கிராமங்களில் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சௌதாம்ப்டனில் 3.5 கிலோ. எடையில் அவ்வளவு வித்தியாசம் இருந்தும் புனேக் குழந்தைகளின் தோலடிக் கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை, தசைதான் குறைந்திருந்தது. குளுக்கோஸை வாங்கி வைக்கும் பெரிய களஞ்சியம் தசை. அது சிறுத்துப் பிறந்தவருக்குப் பின்னாளில் சோறும் சொகுசும் கூடினால் கணக்கு உதைக்கும்.

கனடாவில் இதை எண்ணிக்கையாகவே பார்த்திருக்கிறார்கள். ஒன்ராறியோவில் செய்து 2010-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று, தெற்காசியாவிலிருந்து குடியேறியவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு மேற்கு ஐரோப்பாவிலிருந்தும் வட அமெரிக்காவிலிருந்தும் வந்தவர்களைவிட மூன்று மடங்குக்கு மேல் என்று கண்டது. அடுத்த ஆண்டு வந்த இன்னொன்று இன்னும் தெளிவானது. வெள்ளையர் ஒருவருக்கு எடைக் குறியீடு 30 ஆகும்போது வரும் ஆபத்து தெற்காசியருக்கு 24-இலேயே வந்துவிடுகிறது. 170 சென்ரிமீற்றர் உயரமுள்ள ஆளுக்குக் கிலோவில் சொன்னால், அவருக்கு 87, நமக்கு 69. அறுபத்தொன்பது கிலோ ஆளை நம் ஊரில் யாரும் குண்டன் என்று கூப்பிட மாட்டார்கள். "நல்லா மெலிஞ்சு போனாய், சாப்பிடு பிள்ளை" என்றுதான் சொல்வார்கள்.

இந்தியாவின் கணக்கும் இதற்கு ஒத்துப் போகிறது. சென்னையின் வி. மோகனும் ஆர்.எம். அஞ்சனாவும் முன்னின்று நடத்திய நாடு தழுவிய ஆய்வு 2023-இல் வெளிவந்தபோது, இந்தியாவில் 10 கோடியே 10 லட்சம் பேருக்கு நீரிழிவும், 13 கோடியே 60 லட்சம் பேருக்கு அதற்கு முந்திய நிலையும் இருப்பதாக மதிப்பிட்டது.

உடம்பின் வாகு பாதிக் காரணம்தான். மீதிப் பாதியைப் பார்க்க, சென் லோறன்ஸ் ஆற்றைக் கடந்து தெற்கே ககனவாகே போக வேண்டும். மொன்றியல் நகர மையத்திலிருந்து பாலம் தாண்டினால் வந்துவிடும் மோஹாக் பூர்வகுடிகளின் மண் அது. சோளமும் அவரையும் பூசணியும் பயிரிட்டு ஆற்றில் மீன் பிடித்து வாழ்ந்த சமூகம்; பிறகு நியூயோர்க்கின் வானளாவிகளில் இரும்புச் சட்டம் பொருத்தும் தொழிலில் பேர் பெற்ற சமூகம். 1950-களில் கப்பல் கால்வாய் வெட்டுவதற்காக அவர்களுடைய ஆற்றங்கரை நிலத்தை அரசு எடுத்துக்கொண்டது. 1959-இல் கால்வாய் திறந்தபோது, ஊருக்கும் ஆற்றுக்கும் இடையில் ஒரு வெட்டு விழுந்திருந்தது.

1980-களில் அங்கே குடும்ப மருத்துவர்களாக இருந்த ஆன் மக்கோலியும் லூயி மொன்டூரும் தங்கள் நோயாளிகளின் கோப்புகளைப் புரட்டிப் பார்த்தார்கள். 45 முதல் 64 வயது வரை உள்ளவர்களில் 12 சதவீதம் பேருக்கு இரண்டாம் வகை நீரிழிவு. அது பொதுச் சனத்தொகையைவிட இரண்டு மடங்கு. முடிவை ஆய்விதழில் மட்டும் போட்டுவிட்டுப் போகாமல் ஊரைக் கூட்டிச் சொன்னார்கள். ஊரின் பெரியவர்கள் கேட்டது: எங்களுக்கு வந்தது வந்துவிட்டது, பிள்ளைகளுக்கு வராமல் என்ன செய்யலாம்? அந்தக் கேள்வியிலிருந்து 1994-இல் ககனவாகே பள்ளிகளின் நீரிழிவுத் தடுப்புத் திட்டம் பிறந்தது. ஆரம்பப் பள்ளிகளில் உடல்நலப் பாடம் வந்தது. குப்பை உணவு பள்ளிக்குள் நுழையத் தடை வந்தது. ஆய்வாளர்கள் எதைச் செய்யலாம், முடிவுகள் யாருக்குச் சொந்தம் என்பதற்கு ஊரும் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஒரு நெறிமுறைக் கோவையே எழுதின. உலகத்தின் பல பூர்வகுடிச் சமூகங்கள் அதை முன்மாதிரியாக எடுத்தன.

விளைவு? பளபளப்பாக எழுத ஆசைதான், எண்கள் விடவில்லை. 2005-இல் வெளியான மதிப்பீட்டின்படி, தொடக்க ஆண்டுகளில் பிள்ளைகளின் தோலடிக் கொழுப்பில் சிறிது முன்னேற்றம் தெரிந்தது. அது நிலைக்கவில்லை. உடல் எடைக் குறியீடு குறையவில்லை. பள்ளி வாசலில் கோலாவை நிறுத்தலாம், நெடுஞ்சாலையோரக் கடையை நிறுத்த முடியாது. திட்டம் கைவிடப்படாமல் தொடர்ந்தது. அடுத்த ஏழு தலைமுறையை எண்ணி முடிவெடுக்கும் மரபுள்ளவர்களுக்குப் மதிப்பீட்டின் சில வருடம் பெரிய காலமாகத் தோன்றியிருக்காது.

ககனவாகேயையும் மொன்றியல் தமிழரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ஒருவர் மண்ணைவிட்டு ஆறு போயிற்று. மற்றவர் மண்ணைவிட்டே வந்தார். ஆனாலும் பொதுவான ஒன்று உண்டு. 1983-க்குப் பிறகு வந்த ஈழத் தமிழர் பலர் உணவகச் சமையலறைகளிலும் தொழிற்சாலைகளிலும் இரவு பகலாக நின்றார்கள். உறக்கம் கெட்டது, சாப்பாட்டு நேரம் கெட்டது. ஊரில் தோட்டத்துக்கும் கடற்கரைக்கும் நடந்த கால்கள் நவம்பர் முதல் ஏப்ரல் வரை வீட்டுக்குள் அடைபட்டன. சாப்பாடு மட்டும் ஊர்ச் சாப்பாடாகவே இருந்தது, வயல் வேலை செய்தவனுக்கு அளந்த அதே அளவில். இதை ஒழுக்கக் குறைவு என்று சொல்பவருக்கு வரலாறு தெரியாது.

காரணம் இவ்வளவு சிக்கலாக இருக்க, வைத்தியம் ஒரு குளிசையில் முடியுமா?

பெரும்பாலும் தொடங்குவது மெற்போர்மின் குளிசையில்தான். ஈரலின் குளுக்கோஸ் உற்பத்தியைக் குறைக்கும் இந்தப் பழைய மருந்து கனடாவில் 1972-இலேயே அனுமதி பெற்றது. அமெரிக்கா அதை ஏற்க மேலும் இருபது வருடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டது. நோய் வருமுன்னே தடுப்பதில் குளிசைக்குச் சமமான ஆயுதம் நடை. சென்னையின் அ. இராமச்சந்திரன் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், நீரிழிவின் வாசலில் நின்றவர்களுக்கு உணவும் நடையும் நோயை 28.5 சதவீதம் குறைத்தன, மெற்போர்மின் 26.4 சதவீதம். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோதும் அதற்கு மேல் பலன் வரவில்லை. ஆகவே நடக்கலாம். பனியில் எப்படி என்று கேட்பவருக்கு மொன்றியலில் சாக்குப் போக்கு இல்லை. நகரின் அடியில் 30 கிலோமீற்றருக்கு மேல் சூடான சுரங்கப் பாதைகள் இருக்கின்றன.

இப்போது எல்லோர் வாயிலும் அடிபடும் ஒசெம்பிக்கிலும் மொன்றியலின் கை இருக்கிறது. சாப்பாடு குடலுக்கு வந்ததும் சுரக்கும் ஜிஎல்பி-1 என்ற ஹோர்மோனைப் போலச் செய்யப்பட்ட மருந்து அது. அந்த ஹோர்மோன் கணையத்தில் இன்சுலினைத் தூண்டுகிறது என்பதை 1980-களில் பொஸ்டனில் காட்டியவர்களில் ஒருவர் மொன்றியலில் பிறந்த டானியேல் டிரக்கர். குடலுக்குள் ஜிஎல்பி-1-ஐ அதன் தாய்ப் புரதத்திலிருந்து வெட்டி எடுப்பது எது தெரியுமா? பைன் அவெனியூவில் பிடிபட்ட அதே பிசி1 கத்திரி. ஒசெம்பிக் கனடாவில் 2018-இல் அனுமதி பெற்றது. சீனியையும் எடையையும் ஒன்றாகக் குறைக்கிறது, இதயத்துக்கும் நல்லது. குமட்டலும் வாந்தியும் பலருக்கு வரும். நிறுத்தினால் எடை திரும்புவதும் சாதாரணம். கல்யாண வீட்டுப் படத்துக்காக, மருத்துவரைக் கேட்காமல் இரவல் ஊசி போடுவது முட்டாள்தனம்.

எடையைக் குறைத்தே நோயைப் பின்வாங்க வைக்கலாம் என்பதும் இப்போது வெறும் நம்பிக்கை இல்லை. பிரித்தானியாவில் நடந்த ஆய்வில், ஒரு நாளைக்கு ஏறத்தாழ 850 கலோரித் திரவ உணவோடு சில மாதங்கள் இருந்து எடை குறைக்கும் திட்டத்தில் சேர்ந்தவர்களில் 46 சதவீதம் பேர் ஒரு வருட முடிவில் மருந்தில்லாமல் நோயெல்லைக்குக் கீழே இருந்தார்கள். நோய் கண்டறிந்து ஆறு வருடத்துக்குள் இருந்தவர்களைத்தான் அதில் சேர்த்தார்கள். பீட்டா செல்லில் மிச்சம் இருக்கும்போதே செய்தால்தான் பலன்.

முதலாம் வகைக்காரருக்கு இந்த வழி கிடையாது. அவர்களுக்கு இன்சுலின் வேண்டும். ஒவ்வொரு வேளையும் கணக்குப் போட வேண்டும். இரவில் சீனி இறங்கிவிடுமோ என்ற பயத்தோடு தூங்க வேண்டும். கிரெத்தியேனின் அதே நிறுவனத்தில் ரெமி ரபாசா-லோரேயும், பின்னர் மக்கிலுக்குப் போன அகமது ஹைதாரும் அந்தக் கணக்கை இயந்திரத்திடம் கொடுக்கப் பார்த்தார்கள். தோலுக்கடியில் இருக்கும் உணரி சில நிமிடத்துக்கு ஒருமுறை சீனியைச் சொல்லும், கணினி எவ்வளவு மருந்து என்று தீர்மானிக்கும், பம்பு செலுத்தும். இன்சுலினோடு, சீனியை ஏற்றும் குளூக்ககொனையும் சேர்த்துக் கொடுப்பதுதான் அவர்கள் சோதித்த முறை. 2013-இல் 15 பேரில் செய்து பார்த்தபோது, வழக்கமான பம்போடு 57 சதவீத நேரம் மட்டும் சரியான எல்லைக்குள் இருந்த சீனி, செயற்கைக் கணையத்தோடு 71 சதவீத நேரம் இருந்தது. சீனி இறங்கும் ஆபத்து எட்டில் ஒரு பங்கானது. அக்காலக் குளூக்ககொன் திரவமாக நீண்ட நாள் நிலைக்காதது இந்த முறை கடைக்கு வரப் பெரிய தடையாக இருந்தது. இன்சுலின் மட்டும் கொடுக்கும் தானியங்கிப் பம்புகள் முந்திக்கொண்டன.

இவையெல்லாம் கையில் இருந்தும் மொன்றியலில் கால் இழப்பவரும் கண் இழப்பவரும் சிறுநீரகம் இழப்பவரும் இருக்கிறார்கள். மருந்து இல்லாததாலல்ல, 1997 முதல் கியூபெக்கில் ஒவ்வொருவருக்கும் ஏதாவது ஒரு மருந்துக் காப்புறுதி கட்டாயம். தாமதம்தான் முக்கிய காரணம். குடும்ப மருத்துவர் கிடைக்கக் காத்திருப்பவர் பலர். பிரெஞ்சு புரியாமல் வாசலோடு திரும்பும் அம்மாமார் இன்னும் பலர். சீனி ஏறியிருப்பது வலிக்காது; அதனால் யாரும் அவசரப்படுவதில்லை.

கனடாவின் வழிகாட்டி 40 வயதிலிருந்து மூன்று வருடத்துக்கு ஒருமுறை சோதிக்கச் சொல்கிறது. ஆபத்துக் கூடியவர்களை அதற்கு முன்பே பார்க்கச் சொல்கிறது. தெற்காசியராக இருப்பதே அந்த ஆபத்துப் பட்டியலில் ஒன்று. ஆகவே தமிழர் 40 வரை காத்திருக்கக் கூடாது. ஊரோடு தொலைபேசியில் பேசுகிறவர்கள் அலகைக் கவனியுங்கள்: இங்கே வெறும் வயிற்றில் 7 என்றால் ஊரில் 126, இரண்டும் ஒரே நோயெல்லைதான். மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் ஏ1சி 6.5-ஐ எட்டினாலும் நோய்; 6-ஐத் தொட்டாலே வாசல். ஆண்களுக்கு இடுப்பளவு 90, பெண்களுக்கு 80 சென்ரிமீற்றருக்கு மேல் போனால் எடை என்ன சொன்னாலும் கவலைப்படுங்கள். முப்பது வயது தாண்டியவர்கள், அதிலும் பெற்றோருக்குச் சீனி உள்ளவர்களும் கர்ப்பகாலத்தில் சீனி கூடிய பெண்களும், அடுத்த தடவை சிஎல்எஸ்சி என்ற உள்ளூர்ச் சுகாதார நிலையத்துக்கோ மருத்துவரிடமோ போகும்போது ஏ1சி சோதனையை நீங்களே கேட்டு வாங்குங்கள். பிரெஞ்சு தெரியாத அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.